சுவருக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

(ஓசூரில் இளம் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கட்டட விதிகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் ஏற்பாட்டுக் குழுத் தோழர் ஒருவர், "சாதி ஒழிப்பு மேடையில் செட்பேக்கா?" என்று சிரித்தார். நியாயமான கேள்விதான். பிளான் அப்ரூவல், செட்பேக், நிறைவுச் சான்றிதழ் எல்லாம் சொந்த வீடு கட்டுகிறவரின் கவலை, நமக்கென்ன என்றுதான் இத்தனை காலம் இருந்துவிட்டோம். ஆனால் ஒரு ஊரில் எந்தக் கட்டடத்தை அதிகாரி வந்து பார்க்கிறார், எதைப் பார்க்காமலே போகிறார் என்பதில் சாதி இருக்கிறது. சில நேரம் அது உயிரை வாங்கிவிடுகிறது.

2019 டிசம்பர் 2, விடியற்காலை. மேட்டுப்பாளையம் நடூரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அருந்ததியர் குடியிருப்பின் ஓட்டு வீடுகளை ஒட்டி, சுமார் 20 அடி உயரத்துக்குக் கருங்கல்லில் ஒரு சுற்றுச்சுவர் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் கட்டியது. அது அப்படியே வீடுகளின் மேல் சரிந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 17 பேர் தூக்கத்திலேயே செத்துப்போனார்கள். இந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டோம் என்றார்கள் அந்த மக்கள். உரிமையாளர் கைதானார். நீதி கேட்டுப் போராடியவர்கள் மீது தடியடி நடந்தது. அவர்களிலும் பலர் சிறைக்குப் போனார்கள்.

அது தீண்டாமைச் சுவர் என்று இயக்கங்கள் சொல்லின. நானும் அப்படித்தான் சொல்வேன். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 2008 மே மாதம் இடிக்கப்பட்ட சுவரைப் பார்த்தவர்களுக்கு இதன் வம்சாவளி தெரியும். ஆனால் இன்று வேறொரு கேள்வியைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். கட்டியவரின் மனதில் என்ன இருந்தது என்ற வாதத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். மனதில் என்ன இருந்தாலும் சுவரின் உயரம் மாறப்போவதில்லை. அந்த உயரத்தில், தாங்குதூண் போதுமா, மழைநீர் வடிய வழி இருக்கிறதா என்று பார்க்காமல், ஓட்டு வீடுகளை ஒட்டி ஒரு கல் சுவர் ஆண்டுக்கணக்கில் நிற்க முடிந்ததே, அதைப் பார்க்க வேண்டியவர் யார்?

சட்டத்தில் ஆள் இருக்கிறார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆவது பிரிவு அப்போது நடைமுறையில் இருந்தது. 2024 ஜூலை முதல் அதுவே பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு. ஒரு கட்டடமோ மரமோ விழுந்து, அருகில் வசிப்பவரையோ வழியில் போகிறவரையோ காயப்படுத்தும் நிலையில் இருந்தால், அகற்று, பழுது பார், முட்டுக் கொடு என்று உரிமையாளருக்கு நிர்வாக நடுவர் உத்தரவு போடலாம். நிர்வாக நடுவர் என்றால் நமக்குத் தெரிந்த கோட்டாட்சியர், சார் ஆட்சியர்தான். காவல்துறை அறிக்கை வேண்டும் என்பதுகூட இல்லை, வேறு வகையில் தகவல் கிடைத்தாலும் போதும். அந்த உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் முடியாது. இவ்வளவு பலமான அதிகாரம் ஒரு தாலுகா அலுவலகத்துத் தூரத்தில் கிடக்கிறது.

இதே பிரிவை வைத்துத்தான் மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரவாசிகள் திறந்த சாக்கடைக்கு எதிராக வழக்காடினார்கள். நகராட்சி பணமில்லை என்றது. பணமில்லை என்பது கடமையிலிருந்து தப்பிக்கக் காரணமாகாது என்று 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். 45 ஆண்டுக்கு மேலாகிறது. நம் சேரிகளில் எத்தனை பேருக்கு இந்தத் தீர்ப்பைப் பற்றித் தெரியும்?

இதை நான் சொல்லும்போது சில தோழர்களுக்கு முகம் சுருங்குகிறது, தெரிகிறது. விதி, அமலாக்கம், ஆய்வு என்றாலே நமக்கு ஜேசிபிதான் ஞாபகம் வருகிறது. தப்பில்லை. நம் பக்கம் விதி வருகிறபோது ஆக்கிரமிப்பு அகற்றமாகத்தான் வருகிறது. ஏரிப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கிறவனுக்கு 'நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்' என்று பெயர். அதற்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் தயாராக இருக்கிறது. இதற்கெதிராக உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13இல் ஒரு தீர்ப்பு தந்தது. 15 நாள் நோட்டீஸ் இல்லாமல், நேரில் கேட்காமல் எந்தக் கட்டடத்தையும் இடிக்கக் கூடாது, மீறிய அதிகாரி கைக்காசில் ஈடுகட்ட வேண்டும் என்றது. நாம் எல்லோரும் பாராட்டினோம். ஆனால் அந்தத் தீர்ப்பைக் கடைசிவரை படித்துப் பாருங்கள். சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை ஆகிய பொது இடங்களில் இருக்கும் கட்டுமானங்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஊருக்குள் இடம் கொடுக்காமல் துரத்தப்பட்டவர்கள் போய்த் தங்கிய இடங்கள் எவை? சாலையோரம், தண்டவாளத்தோரம், ஏரிக்கரை. விதிவிலக்கு சரியாக நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

ஆக, ஒரே விதி ஒரு பக்கம் வரவே வராது. இன்னொரு பக்கம் வந்தால் வீட்டோடு கொண்டுபோகும். இது நம் ஊருக்கு மட்டுமான வித்தையும் அல்ல. 1880இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் ஒரு விதி போட்டது. மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த வேண்டுமானால் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். தீப்பிடிக்காமல் இருக்கத்தானே, நல்ல விதிதான். சீனர்கள் 200 பேர் விண்ணப்பித்தார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாத 80 பேருக்கு, ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. 1886இல் யிக் வோ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எழுத்தில் பாகுபாடு இல்லாத சட்டத்தையும் பாகுபாட்டோடு அமலாக்கினால் அது செல்லாது என்றது. விதியே வேண்டாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2023 ஜூலை 29, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். சிலிண்டரா, பட்டாசா எது முதலில் என்று நாடாளுமன்றம் வரை வாதம் போனது. எது முதலில் வெடித்திருந்தால் என்ன, உணவகமும் வீடுகளும் இருக்கிற தெருவில் பட்டாசு எப்படி அடுக்கப்பட்டது என்ற கேள்வி அந்த வாதத்தில் புதைந்துபோனது. சரியாக 70 நாள் கழித்து, அக்டோபர் 7ஆம் தேதி, நம் ஜூஜூவாடியைத் தாண்டினால் வருகிற அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. 14 பேருக்கு மேல் செத்தார்கள். தருமபுரி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து தீபாவளி சீசனில் நாலு காசு பார்க்க வந்த இளைஞர்கள்தான் அதில் பெரும்பாலோர். உங்கள் வயது, சிலர் அதற்கும் கீழே. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மாநில உரிமம், இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து உடம்புகள்.

எல்லை என்றால் மாநில எல்லை மட்டும் இல்லை. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, மத்திகிரி எல்லாம் அதற்கு முன்பே நகரத்தோடு சேர்ந்துவிட்டன. பேகேப்பள்ளி மாதிரி ஊர்கள் ஊராட்சியாகவே வளர்ந்தன. 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் தங்க, விவசாய நிலம் மனையாகி, மனை லைன் வீடாகி, லைன் வீட்டின் மேல் மாடி ஏறியது. ஒரே தெருவின் ஒரு பாதிக்கு ஊராட்சிச் செயலர், மறுபாதிக்கு மாநகராட்சிப் பொறியாளர். நடுவில் நகர் ஊரமைப்புத் துறை. புகார் கொடுக்கப் போகிறவருக்கு மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

இங்கே வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். முதல் கேள்வி சம்பளம் இல்லை. "நீங்க எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்து, "கறி சமைப்பீங்களா?" என்று போய், குலதெய்வம் வரை கேட்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று மொழியிலும் இந்தக் கேள்வித்தாள் ஒன்றுதான். அதில் தேறாதவருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிக்கும் மிஞ்சுவது சாக்கடையோரத்து அறை, காற்று வராத நடு அறை, மாடிப்படிக்குக் கீழ் அறை. செட்பேக் என்று விதியில் எழுதியிருப்பது அந்த அறைக்கு வர வேண்டிய காற்றையும், தீயணைப்பு வண்டி நுழைகிற வழியையும்தான். சாதி பார்த்து வாடகைக்கு விடுகிற சந்தையில், விதிமீறிய கட்டடத்தின் ஆபத்தும் சாதி பார்த்தே பங்கு பிரிகிறது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது செப்டிக் டேங்க். என் ஆய்வுக்காக லைன் வீடுகளைச் சுற்றியபோது நான் தேடித் தேடிப் பார்த்தது அதைத்தான். அநேக வீடுகளில் அது எங்கே இருக்கிறது என்றே குடியிருப்பவர்களுக்குத் தெரியாது. நடைபாதைக்கு அடியில், பைக் நிறுத்துகிற இடத்துக்கு அடியில், மூடி மேலேயே சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டி. செப்டிக் டேங்குக்கு ஐ.எஸ். 2470 என்று ஒரு தர விதி இருக்கிறது: எத்தனை கொள்ளளவு, எங்கே ஆள்துளை, எங்கே காற்றுக்குழாய் என்று. அது பின்பற்றப்பட்டால் லாரிக் குழாயை விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம். பின்பற்றாத இடத்தில் தரையை உடைத்து, கட்டிப்போன கசடைக் கிளற ஒரு மனிதன் உள்ளே இறங்குகிறான். அவன் எந்தச் சாதி என்று நான் இந்த மேடையில் சொல்ல வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. இறந்தால் 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்படிச் செத்தவர்களைப் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கில் தமிழ்நாடுதான் முன்னே நிற்கிறது. நாம் சாவுக்குப் பிறகு வழக்கு, இழப்பீடு என்று ஓடுகிறோம், ஓடத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சாவு, மூடி இல்லாத டேங்குக்கு மேல் டைல்ஸ் ஒட்டிய அன்றே தீர்மானமாகிவிட்டது. அன்று ஒரு ஆய்வாளர் வந்திருந்தால் தடுத்திருக்கலாம்.

(காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. ஊர்ச் சாக்கடை வந்து முடிகிற இடத்தையும் சேர்த்து மாற்றினால் இன்னும் நல்லது.)

அரசு இப்போது போகிற திசை வேறு. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்தால் இணையத்திலேயே உடனடி அனுமதி. சிறு குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை. லஞ்சம் கொடுத்து அலைந்த ஏழைக்கு இது நிம்மதி, நான் எதிர்க்கவில்லை. ஆனால் முன்னால் பார்ப்பதை விட்டுவிட்டால், பின்னால் பார்க்கவாவது ஆள் வேண்டும். கட்டிய பிறகு எத்தனை கட்டடம் ஆய்வு செய்யப்பட்டது, யாருக்கு நோட்டீஸ் போனது, எந்தத் தெருவில், என்ன நடவடிக்கை என்ற பதிவேட்டை வார்டு வாரியாகப் பொதுவில் வைக்கச் சொல்ல வேண்டும். அதைத் தானாக வெளியிடும் கடமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அந்தப் பதிவேடு வெளியே வந்தால், நோட்டீஸ் எந்தச் சாதித் தெருவில் நிற்கிறது, எந்தச் சாதித் தெருவைத் தாண்டிப் போகிறது என்று வரைபடமே போட்டுவிடலாம்.

வாடகைக்கு இருப்பவர் புகார் கொடுத்தால் மறுநாள் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயம் உண்மையானது. அதனால் தனி ஆள் பெயரில் கொடுக்காதீர்கள். சங்கம் கொடுக்கட்டும், அமைப்பு கொடுக்கட்டும். இடிக்கச் சொல்லியும் கேட்காதீர்கள். இடித்தால் முதலில் தெருவுக்கு வருவது குடியிருப்பவர்தான். பழுது பார், முட்டுக் கொடு, மூடி போடு, வழி விடு, அதுவரை வாடகையை ஏற்றாதே என்று கேளுங்கள். ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. மாநகராட்சியில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை, 2022 நவம்பரிலிருந்து. அங்கே தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

152ஆவது பிரிவின்படி சார் ஆட்சியருக்குக் கொடுக்க ஒரு மனு மாதிரியை அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் இருக்கிறது. சுவரின் நீளம், உயரம், அதை ஒட்டி எத்தனை வீடு, எத்தனை குழந்தைகள் என்று நிரப்ப இடம் விட்டிருக்கிறேன். கண் மதிப்பில் எழுதாதீர்கள், டேப் வைத்து அளந்து எழுதுங்கள். படத்தில் தேதி தெரியட்டும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியருக்கு ஒரு நகல் போகட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பி வராதீர்கள். மழைக்காலம் தொடங்குமுன் கொடுத்துவிடுங்கள்.