நாற்காலியும் துடைப்பமும்

(ஊழியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)

நகராட்சி ஊழியன் எந்த நாற்காலியிலே அமர்ந்து வேலை பார்க்கவேண்டும்? வீட்டு நாற்காலியிலா, அலுவலக நாற்காலியிலா? இதுவும் ஒரு பிரச்சினையா, இதற்கும் ஒரு கூட்டமா என்று கேட்கத் தோன்றும். அந்த நாற்காலிக்காக ஒரு மாநகரம் நீதிமன்றத்துப் படிக்கட்டு ஏறியது. மறு ஆண்டிலே அதே மாநகரத்தின் தெருக்களிலே குப்பை குன்றெனக் குவிந்தது. நாளைக்கு நகர்மன்றங்களிலே சென்று அமரப்போகிறவர்கள் நீங்கள். ஆகவேதான் அந்தக் கதையை உங்கள்முன் வைக்கிறேன்.

அமெரிக்க நாட்டிலே பிலடெல்பியா என்றொரு நகரம். கிரேக்க மொழியிலே அந்தப் பெயருக்கு உடன்பிறந்தார் அன்பு என்று பொருள். 1776ஆம் ஆண்டிலே, ஆளப்படுவோரின் சம்மதத்தினின்றே ஆட்சியின் அதிகாரம் பிறக்கிறது என்று அறிவித்த பிரகடனம் பிறந்த ஊர் அது. 548 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது அதன் நகர மாளிகை. அதன் உச்சியிலே நகரை நிறுவிய வில்லியம் பென்னின் சிலை. உள்ளே 17 உறுப்பினர் கொண்ட மன்றம். சட்டம் இயற்றுவதும் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும் மன்றத்தின் வேலை. நிர்வாகத்தை நடத்துவதோ மேயர். 1951ஆம் ஆண்டின் நகர சாசனம் மேயரின் கையிலே வலுவான அதிகாரத்தைத் தந்திருக்கிறது.

2020ஆம் ஆண்டு. கொரோனா உலகத்தையே உலுக்கியது. அலுவலகக் கதவுகள் அடைபட்டன. கோப்பு பார்ப்போர், கணக்கு எழுதுவோர், திட்டம் தீட்டுவோர் வீட்டிலிருந்தே பணியாற்றினர். குப்பை அள்ளுவோருக்கோ அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. தொலைவிலிருந்து துடைப்பம் பிடிக்க எந்த விஞ்ஞானியும் வழி கண்டுபிடித்துத் தரவில்லையே! நோய் தணிந்த பிறகும், அலுவலகப் பணியாளர் பலர் வாரத்திலே சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலுமாக வேலை பார்த்துவந்தனர்.

2024 ஜனவரியிலே செரல் பார்க்கர் அம்மையார் மேயரானார். அந்நகரின் நூறாவது மேயர். அந்தப் பதவியிலே அமர்ந்த முதல் பெண்மணி. அதே மன்றத்திலே பெரும்பான்மைக் கட்சியின் தலைவராக இருந்தவர். அவர் மே 20ஆம் நாள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: ஜூலை 15 முதல் எல்லா ஊழியரும் வாரத்துக்கு ஐந்து நாளும் அலுவலகம் வந்தாகவேண்டும். ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் முன்பே நாள்தோறும் நேரில் வருகிறார்கள், மிச்சமிருப்போரும் வரட்டும் என்றது நிர்வாகம்.

மேயரின் பக்கத்திலே நியாயமே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். மனு ஏந்தி வருகிறாள் ஒரு மூதாட்டி. வரி கட்டியவள், வாக்களித்தவள். அவள் எதிரே ஆளில்லா நாற்காலி என்றால் அவளுக்கு ஆத்திரம் வராதா? மக்கள் கண்ணாலே காணும்படியாக அரசு இருக்கவேண்டும் என்ற மேயரின் பேச்சு அந்த மூதாட்டியின் செவிக்கு இனிக்கத்தான் செய்யும்.

ஆனால், மூதாட்டியின் எதிரே அமரவேண்டியவன் யார், நான்காம் மாடியிலே கணக்குப் புத்தகத்தோடு மட்டும் பேசுகிறவன் யார் என்று பிரித்துப் பார்த்திருக்க வேண்டாமா? நாலாண்டுகளாக ஒரு முறைக்குப் பழகி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்து, குடியிருக்கும் இடத்தை அதற்கேற்ப அமைத்துக்கொண்டவர்களை அழைத்து, "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டிருக்க வேண்டாமா?

அலுவலகப் பணியாளர், நூலகர், சமூகப் பணியாளர் ஆகியோரின் சங்கமான 47ஆம் எண் மாவட்டக் கவுன்சில் எழுப்பிய வழக்கின் உயிர்நாடி அதுதான். வேலை நிலைமைகளை மாற்றுவதானால் எங்களோடு பேசி மாற்றவேண்டும், தன்னிச்சையாக மாற்றக்கூடாது என்றது சங்கம். தொழிலாளர் உறவு வாரியத்திலே முறையீடு செய்தது. நீதிமன்றத்திலே தடையாணை கேட்டது. ஜூலை 12ஆம் நாள் தடை தர நீதிபதி மறுத்தார். 15ஆம் நாள் ஆணை நடப்புக்கு வந்தது. நாற்காலிகள் நிரம்பின.

வெற்றி யாருக்கு? நிர்வாகத்துக்கு என்றுதான் நாளேடுகள் எழுதும். தோழர்களே, நீதிமன்றம் சட்டத்தின் அளவுகோலை எடுத்து அளக்கிறது. தடை தரலாமா கூடாதா என்பதோடு அந்த அளவு முடிந்துவிடுகிறது. உழைப்பவன் உள்ளத்திலே ஏற்பட்ட வடுவை அளக்க அங்கே கருவி கிடையாது. அது மன்றத்திலே, மேசையிலே, எதிரெதிரே அமர்ந்து அளக்கப்படவேண்டியது.

இந்த நேரத்திலே துடைப்பம் பேசியிருந்தால் என்ன பேசியிருக்கும்?

"நாற்காலியே! மழையிலும் பனியிலும் நோயிலும் நான் தெருவிலேதான் கிடந்தேன். நீ வீட்டிலே இருந்தாய். இன்று உன்னை இழுத்துவந்தார்கள். நான் ஏன் உனக்காக அழவேண்டும்?"

நாற்காலி என்ன சொல்லும்?

"துடைப்பமே! இன்று என்னைக் கேளாமல் என் இடத்தை முடிவுசெய்தார்கள். நாளை உன்னைக் கேளாமல் உன் கூலியை முடிவுசெய்வார்கள். அன்று நான் சிரிக்கட்டுமா?"

2025 ஜூலை முதல் நாள், துடைப்பத்தின் முறை வந்தது. குப்பை அள்ளுவோர், குடிநீர்த் துறையினர் உள்ளிட்ட சுமார் 9,000 பேரைக் கொண்ட 33ஆம் எண் மாவட்டக் கவுன்சில் வேலைநிறுத்தத்திலே இறங்கியது. 1986ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்தச் சங்கம் நடத்திய முதல் வேலைநிறுத்தம். தங்கள் உறுப்பினரின் சராசரி ஆண்டு ஊதியம் சுமார் 46,000 டாலர்தான் என்று சங்கம் கணக்குச் சொன்னது. ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வு கேட்டது. மீண்டும் நீதிமன்றம்! அவசர அழைப்பை ஏற்போரும் குடிநீர்த் துறையினர் சிலரும் பணிக்குத் திரும்பவேண்டுமென ஆணைகள் பிறந்தன. கோடை வெயிலிலே குப்பை குவிந்தது. அந்தக் குவியல்களுக்கு மக்கள் மேயரின் பெயரையே சூட்டினார்கள். ஜூலை 4, விடுதலைத் திருநாளின் இசைவிழாவிலே பாடவிருந்த எல்.எல். கூல் ஜேயும் ஜாஸ்மின் சல்லிவனும் மேடையேற மறுத்தார்கள். 9ஆம் நாள், ஆண்டுக்கு 3 விழுக்காடு வீதம் மூன்றாண்டுக்கு ஒப்பந்தமாயிற்று. தொழிலாளி கேட்டது கிடைக்கவில்லை. குப்பை அகன்றது, குமுறல் அகன்றதா?

பெருநகரத்தின் கருவூலம் வற்றாத ஊற்றல்ல என்பதை நான் அறிவேன். கேட்டதையெல்லாம் கொடு என்று நான் சொல்ல வரவில்லை. முதலாண்டு இடத்தைப் பற்றிய சச்சரவு. மறு ஆண்டு ஊதியத்தைப் பற்றிய போர். பொருள் வேறு, புண் ஒன்று. நகரத்தைத் தாங்குவோரை நகரத்தின் பங்காளிகளாகப் பார்க்காமல், வழக்கின் எதிராளிகளாகப் பார்த்த புண்.

தோழர்களே! நாளை நீங்கள் மன்றத்திலே அமர்வீர்கள். சிவப்பு நாடா கட்டிய ஒரு கோப்பு உங்கள்முன் வரும். ஊழியர்மீது வழக்கு, அல்லது ஊழியர் தொடுத்த வழக்கு. வழக்கறிஞர் கட்டணத்துக்கு ஒப்புதல் தருக என்று ஒற்றை வரித் தீர்மானம் இருக்கும். கை தூக்குவது எளிது. தூக்குமுன் கேளுங்கள்: வழக்குக்குமுன் எத்தனை முறை பேசினீர்கள்? எந்த வேலைக்கு நேரிலே வரவேண்டும், எதற்கு வேண்டாம் என்று துறைவாரியாகப் பார்த்தீர்களா? வீட்டிலிருக்க வழியே இல்லாத தெருத் தொழிலாளிக்கு ஈடாக என்ன தந்தீர்கள்?

பதில் வராவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். நாற்காலியையும் துடைப்பத்தையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்க எவரேனும் முனைந்தால், இரண்டுக்கும் நடுவே எழுந்து நில்லுங்கள். மன்றத்திலே உங்களுக்குக் கிடைக்கும் இருக்கை அதற்காகத்தான்.