வறட்சி ஆண்டில் கேட்க வேண்டிய கேள்வி



தொண்டு நிறுவனங்களின் பணியை எப்படி அளப்பது என்று பேச வலங்கைமானில் கூடியிருக்கிறோம். 1869-இல் இந்த ஊரில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார், கோகலே 1905-இல் புனேயில் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கோகலே மறைந்த 1915-இல் அதன் தலைவரானார். பொதுத்தொண்டை முழுநேர வாழ்க்கைப் பணியாக்கிய சங்கம் அது. ஆகவே இந்தப் பேச்சுக்கு ஏற்ற ஊர்தான் இது. ஆனாலும் உங்கள் முன் நான் வைக்க விரும்பும் எடுத்துக்காட்டு இங்கிருந்து கிழக்கே, கீழத்தஞ்சை வயல்களில் இருக்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். அதற்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்த காந்தியத் தம்பதியர் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-இல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கினார்கள். நிலக்காரர்களிடம் பேசி விலை படியவைத்து, வங்கிக் கடன் பெற்று, நிலமற்ற குடும்பத்துக்குச் சுமார் ஒரு ஏக்கர், அதாவது நம் ஊர்க் கணக்கில் மூன்று மா, பெண்கள் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். ஏறக்குறைய 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர். 2008-இல் இருவருக்கும் அவர்கள் அமைப்புக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

அந்த எண்ணை மதித்து வணங்குகிறேன். ஆயினும் நம் மதிப்பீட்டுத் துறையின் வேலை அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. எத்தனை ஏக்கர் கைமாறியது என்பது செய்த பணியின் கணக்கு. அந்த மூன்று மா அந்தக் குடும்பத்தில் எதை மாற்றியது என்பதே விளைவு. இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மழை பொய்த்த ஆண்டில் போய்க் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் எல்லாத் திட்டமும் வெற்றிதான்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, மேட்டூர் அணையிலும் போதிய தண்ணீர் இல்லை, சம்பா கருகியது. அப்படியொரு ஆண்டின் முடிவில் பத்திரம் இன்னும் நிலம் பெற்ற பெண்ணின் பெட்டியில்தான் இருக்கிறதா, அடமானம் போய்விட்டதா? நிலம் ஒத்திக்குப் போயிற்றா? அடுத்த சாகுபடிக்கு யாரிடம் கடன் வாங்கினாள், என்ன வட்டிக்கு? இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். பட்டாவில் அவள் பெயர் இருக்கும். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் சாகுபடி செய்பவராக யார் பெயர் இருக்கிறது? கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும் காப்பீட்டுக்குப் பதிந்தாலும் அடங்கலைத்தான் கேட்கிறார்கள். அந்த இடத்தில் கணவன் பெயரோ அண்ணன் பெயரோ இருந்தால், நிலம் அவளுடையது என்று நாம் எழுதும் அறிக்கை பாதி உண்மைதான். அந்த ஒரு தாளைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நூறு கேள்விகள் கொண்ட படிவம் இதைக் காட்டாது.

சரி, குடும்பம் முன்னேறியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நிலத்தால்தான் முன்னேறியது என்று எப்படிச் சொல்வது? நூறு நாள் வேலைத் திட்டம் 2006-இல் முதற்கட்டமாக வந்த மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இவையும் அதே அடுப்பில்தான் சேர்ந்தன. எனவே அதே தெருவில் நிலம் கிடைக்காத குடும்பங்களின் நிலையையும் பதிந்தாக வேண்டும். நிலம் வாங்கும் நாளிலேயே இரு தரப்பின் கடனையும் கூலியையும் எழுதி வைத்திருந்தால் பிற்பாடு பேச முடியும். அன்று எழுதாததைப் பத்து ஆண்டு கழித்து நினைவிலிருந்து கேட்டு வாங்குவது நம்பத் தகுந்ததல்ல.

பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு விதிகள் 2021 ஜனவரியில் திருத்தப்பட்டபோது, ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலவான திட்டங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்று வந்தது. திட்டம் முடிந்து குறைந்தது ஓர் ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. நல்ல விதி. ஆனால் காவிரிப் படுகையில் ஓர் ஆண்டு என்பது ஒரு குறுவை, ஒரு சம்பா. கடைமடையில் ஒரு சம்பா மட்டும்தான். அதை வைத்து ஒரு நிலத் திட்டத்தைத் தீர்ப்பிட முடியாது. குறைந்தபட்ச வரம்பைப் போதுமான வரம்பாக நன்கொடையாளர்கள் எடுத்துக்கொள்வது எனக்குக் கவலையளிக்கிறது.

அளவீடு களத்திலேயே பயன்பட்டதற்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்மாதிரி உண்டு. 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு. எடை ஏறினால் நிறுத்தினார்கள். எடை பார்த்த ஊட்டச்சத்துப் பணியாளரே அந்த எண்ணை வைத்து என்ன செய்வதென்று முடிவெடுத்தார். நம் நிறுவனங்களில் களப்பணியாளர் நிரப்பும் படிவம் தலைமை அலுவலகத்துக்கும் நன்கொடையாளருக்கும் போய்ச் சேருகிறது, திரும்பி வருவதில்லை. யாரிடம் கேட்டோமோ அந்தப் பெண்களுக்கு முடிவு என்னவென்றே தெரிவதில்லை. இது அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி.

ஆகவே கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் ஆய்வில் மோசமான ஆண்டு எது, அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று தனியாகச் சொல்லுங்கள். உங்கள் முடிவுகளை அந்தக் கிராமத்தில் எப்போது, யாரிடம் படித்துக் காட்டினீர்கள் என்றும் சொல்லுங்கள். இன்னும் காட்டவில்லை என்றால் எப்போது காட்டப்போகிறீர்கள் என்று இந்த அவையில் அறிவியுங்கள். அதைக் கருத்தரங்கின் குறிப்பேட்டில் பதிவு செய்வோம். முதல் அமர்வு தொடங்கட்டும்.