தொண்டர் புறப்பட்ட பின்



அயலூர் சென்று உழவர்க்குத் துணைநிற்கும் தொண்டினைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் தொடக்கத்தையே பேசுவர். அத்தொண்டு எதிர்பாராது முடிவுறும் நாளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அந்த நாளைப் பற்றியதே இவ்வுரை.

போடிநாயக்கனூர் மக்களுக்கு இதனை விளக்கப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. ஏலத்தோட்டங்களிற் பெரும்பாலானவை கேரளத்தின் இடுக்கி மலைகளில் உள்ளன; அங்கே உழைக்கும் கைகளிற் பல தேனி மாவட்டத்துச் சமவெளியில் உள்ளன. கிழக்கு வெளுக்கும் முன்னரே தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு வழியாகவும், கம்பம்மெட்டு, குமுளி வழியாகவும் மலையேறுகின்றன. ஏலக்காய் ஒரே நாளில் விளைந்து முடிவதன்று. காயெடுப்புக் காலத்தில் ஏறத்தாழ 30 முதல் 45 நாளுக்கு ஒருமுறை, காய் முற்றி, பழுத்து வெடிக்குமுன் பறித்தாக வேண்டும். வரவேண்டிய கைகள் வாராமற்போனால் என்ன நேரும் என்பதை இம்மலைச் சரிவு நன்கறியும்.

அவ்வாறு நேர்ந்ததும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது, தோட்டத் தொழிலாளர் பலர் குழந்தைகளோடும் கையிற் கிடைத்த பொருளோடும் மலைப்பாதை வழியே கீழிறங்கி வந்தனர். 2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது எல்லைச் சாவடிகள் அடைபட்டன, ஜீப்புகள் நின்றன. மேலே தோட்டம், கீழே தொழிலாளர். இடையே திறவாத வழி.

அதே மார்ச் மாதத்தில், கடல் கடந்த ஆப்பிரிக்காவிலும் ஒரு பெரும் பிரிவு நிகழ்ந்தது. 'பீஸ் கோர்' என்பது 1961இல் தோன்றிய அமெரிக்கத் தொண்டர் அமைப்பு. அதன் தொண்டர்கள் முதன்முதலாகச் சென்ற நாடுகளுள் கானாவும், இன்று தான்சானியாவின் பகுதியாக விளங்கும் டாங்கனிகாவும் அடங்கும். இத்தொண்டர்கள் ஊர்மொழியைக் கற்று, ஊராரோடு ஏறத்தாழ ஈராண்டுகள் தங்கிப் பணிபுரிவர். ஜாம்பியா நாட்டுச் சிற்றூர்களில் மீன்குளம் வெட்டவும், தேனீ வளர்க்கவும், மண்வளம் பேணவும் உழவரோடு உழைத்தவர்கள் அவர்கள். 2020 மார்ச் 15ஆம் நாள், 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்த ஏறத்தாழ 7,000 தொண்டர்களையும் திரும்ப அழைக்கும் ஆணை பிறந்தது. அமைப்பின் வரலாற்றில் அதுவரை நிகழாத செயல் அது.

ஜாம்பியாவில் அது மழைக்காலம் முடியும் தறுவாய். மக்காச்சோளம் அறுவடையை நோக்கி நின்ற காலம். விதைக்கும்போது உடனிருந்தவர் அறுவடையைக் காணவில்லை. அண்டை வீட்டாரிடம் முறையாக விடைபெறவும் பலருக்கு நேரம் வாய்க்கவில்லை. அந்நாட்டுக்குத் தொண்டர்கள் மீண்டும் வந்து சேர்ந்தது 2022 மார்ச்சில். ஏறத்தாழ ஈராண்டுகள் கடந்த பின்.

இங்கே எழும் வினா ஒன்றுண்டு. அந்த ஈராண்டுக் காலம் மீன்குளத்தை யார் காத்தனர்? குளத்துக்கு நீர் விடும் முறையும், மீனுக்கு இரையிடும் அளவும், குஞ்சு வாங்கும் இடமும் உழவர்க்குத் தெரிந்திருந்தால் குளம் குளமாகவே இருந்திருக்கும். இவை யாவும் தொண்டரின் குறிப்பேட்டில் மட்டுமே இருந்திருந்தால், அவர் ஏறிய வண்டியோடு குளமும் போயிற்று என்றே கொள்ள வேண்டும். தொண்டரின் உழைப்பு இரண்டிடத்தும் ஒன்றே. அறிவை யாரிடம் விட்டுச் சென்றார் என்பதிலேதான் வேறுபாடு.

இதற்குச் சான்று தேடி ஆப்பிரிக்கா வரை செல்ல வேண்டுவதில்லை. போடியிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியிலுள்ள வத்தலக்குண்டு வட்டாரமே சான்று கூறும். ரால்ப் ரிச்சர்ட் கெய்தான் என்னும் அமெரிக்கர் 1925இல் மதுரை மிஷன் பணிக்காக வந்தார். வைசிராய் இர்வினிடம் காந்தியடிகளின் கடிதத்தைக் கொண்டு சேர்த்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர். அவரைத் தம் இல்லத்தில் விருந்தினராக ஏற்றமையால் அரசின் சினத்துக்கு ஆளாகி, கெய்தான் 1930இல் நாடு நீங்க நேர்ந்தது. சில ஆண்டுகளிற் திரும்பி வந்தார். விடுதலை இயக்கத்தின்பால் கொண்ட பற்றினால் 1944இல் இரண்டாம் முறையும் வெளியேற்றப்பட்டார். நாடு விடுதலை பெற்ற 1947இல் மீண்டும் வந்தார். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்துக்குத் துணைநின்றார். வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பகுதிகளின் ஊர்ப்புற மக்களோடு வாழ்ந்து பணிபுரிந்தார்.

இருமுறை வெளியேற்றப்பட்ட ஒருவரின் பணி அறுந்துபோகாமல் நின்றது எவ்வாறு? அவர் தனியே உழைக்கவில்லை. இம்மண்ணின் மக்களைத் துணையாகக் கொண்டார். அவரோடு நெருங்கிப் பழகிய சங்கரலிங்கம் ஜெகந்நாதன், பூதான இயக்கத்தில் தமிழகத்தின் முன்னணித் தொண்டரானார். ஜெகந்நாதனும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாளும் 1981இல் 'லாப்டி' என்னும் அமைப்பை நிறுவி, கீழத்தஞ்சைப் பகுதியில் நிலமற்ற ஏழைக் குடும்பங்கள் பல்லாயிரம் நிலவுடைமை பெற வழிசெய்தனர். 2008இல் மாற்று நோபல் எனப் போற்றப்படும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது அவ்விருவர்க்கும் வழங்கப்பெற்றது. நாடு கடத்தும் ஆணையால் ஒரு மனிதரை அகற்ற முடிந்தது; அவரோடு தோள் கொடுத்து நின்ற ஊர் மக்களை அகற்ற முடியவில்லை.

இளைஞர்களே! மலைச்சரிவுச் சிற்றூர்களில் மாலை வகுப்பு நடத்தவும், மருத்துவ முகாம் அமைக்கவும், இயற்கை வேளாண்மை கற்பிக்கவும் விரும்பி நீங்கள் செல்வீர்கள். வேலை மாற்றம் வரலாம், பெற்றோர் நோயுறலாம், எல்லை அடைபடலாம். ஆதலின் சென்ற முதல் வாரத்திலேயே மூன்று செயல்களைச் செய்யுங்கள். ஊரைச் சேர்ந்த ஒருவரையாவது ஒவ்வொரு வேலையிலும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். இயலுமாயின் பெண் ஒருவரையும் இளைஞர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கும் பதிவேடும் ஊரார் கையில், அவர்கள் படிக்கும் மொழியில் இருக்கட்டும். தொடங்கும் பணி ஊரின் பருவத்தோடு பொருந்தட்டும். காயெடுப்பு நடக்கும் மாதத்தில் பகல் வகுப்பு வைத்தால் யாரும் வாரார்.

திடீரெனப் பிரிய நேர்ந்தால், பிரிந்த துயரத்தோடு பேச்சை நிறுத்திவிடாதீர்கள். விடைபெறாது வந்தவர் கடிதமாவது எழுத வேண்டும். தொலைபேசியிலேனும் நலம் கேட்க வேண்டும். இயன்ற நாளில் ஒருமுறை சென்று காண வேண்டும். வந்தவர் ஏன் போனார் என்று அறியும் உரிமை ஊராருக்கு உண்டு. சோறிட்டு, திண்ணையில் இடமளித்து, தம் மொழியைக் கற்பித்தவர்கள் அவர்கள்.

இவ்வறக்கட்டளை மலைச்சரிவுக்குத் தொண்டரை அனுப்ப எண்ணும்போது, எத்தனை பேர் சென்றனர் என்பதோடு, அவர்கள் திரும்பிய ஓராண்டுக்குப் பின் எத்தனை பணிகள் ஊரார் கையில் நடக்கின்றன என்பதையும் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கே தொண்டின் உண்மைக் கணக்கு.