செம்மறிக்கு முடி வெட்டலாமா?

பால்மரத்தடியில் செம்மறி மந்தைகள் மேய்ந்ததைத் தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். 1980களில் நம் மலேசியாவில் அது பெரிய முயற்சி. ஆடு புல்லைத் தின்னும், களைக்கொல்லிச் செலவு மிச்சமாகும், இறைச்சியும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். சுங்கை பூலோவில் சோதனை நிலையம் வைத்திருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் இதில் இறங்கியது.

நம் உள்ளூர்ச் செம்மறியான மாலின் ஆடு சிறுத்த உருவம். எடை கூடட்டும் என்று டோர்செட், ரோம்னி போன்ற வெளிநாட்டுக் கம்பளி ஆடுகளோடு கலந்தார்கள். குளிர்நாட்டு ஆடு நம் புழுக்கத்தில் என்ன செய்யும்? செம்மறி பெரும்பாலும் இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் எவ்வளவு இரைத்தும் பலன் குறைவு. அதனால் முடி வெட்டியே ஆகவேண்டும்.

கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினாலும் வாயில் வருவது பழைய பெயர்தானே!) பக்கம் கம்பளி ஆடு வைத்து, முதல் தடவை வெட்டப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல்நாள் இரவு தீனி போடாதீர்கள். வயிறு நிறைந்த ஆட்டை மல்லாக்க உட்காரவைத்தால் மூச்சு முட்டும். மழையில் நனைந்திருந்தால் காயட்டும். காலை வெயில் ஏறுமுன் வேலை முடியவேண்டும். இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்தபடி கத்தரியை ஓட்டுங்கள், மடிக்காம்பு பத்திரம். ஒட்ட வெட்டினால் தோல் வெந்துபோகும், ஒரு விரற்கடை முடியை விட்டுவிடுங்கள். கீறல் பட்டால் உடனே மருந்து போடுங்கள். நம் ஊர் ஈக்கு அது போதும், புழு வைத்துவிடும். வாயைப் பிளந்து இரைக்கிற ஆட்டைத் தொடவே தொடாதீர்கள். முதலில் நிழல், தண்ணீர்.

ஆண்டிஸ் மலை லாமாவை வெப்பநாடுகளில் வளர்ப்பவர்களும் உடம்பைச் சுற்றி முடி வெட்டுகிறார்கள். சூடு தணியத் தண்ணீரை வயிற்றடியில்தான் பீய்ச்சுவார்கள், அங்கே முடி குறைவு. முதுகுக் கம்பளி நனைந்தால் சூட்டை உள்ளேயே அடைத்துக்கொள்ளும். முதுகை நனைக்காத இந்த முறை செம்மறிக்கும் பொருந்தும்.

பின்னாளில் பார்படோஸ் பிளாக்பெல்லி இனம் இங்கே வந்தது. அதற்குக் கம்பளியே கிடையாது, கத்தரிக்கும் வேலையில்லை. தமிழ்நாட்டு மேச்சேரி ஆடும் அதே ரகம். புதிதாகச் செம்மறி வாங்குவதாக இருந்தால், விலை பேசுமுன் அதன் முதுகைத் தடவிப் பாருங்கள். கம்பளி தட்டுப்பட்டால் வேறு ஆடு கேளுங்கள்.