முதுமைக்கு மருத்துவக் காப்புறுதி: யார் சொல்லை நம்புவது?

தோட்டப்புற வாழ்க்கையில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் முதலில் நாடப்பட்டவர் 'டிரெஸ்ஸர்' என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர்; மருந்தகத்தை நடத்தும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்தைச் சார்ந்திருந்ததால், காப்புறுதியைப் பற்றி எண்ண வேண்டிய தேவை அக்காலத் தொழிலாளர்களுக்குப் பெரிதாக எழவில்லை. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் புக்கிட் செந்தோசா போன்ற குடியிருப்புகளிலும் கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா (முன்னாள் பத்தாங் பெர்ஜுந்தை) வட்டாரங்களிலும் அந்தத் தலைமுறை முதுமை எய்தியுள்ள இன்று, மருத்துவச் செலவைப் பற்றி முடிவெடுப்பது பிள்ளைகளின் கடமையாகிவிட்டது. பெற்றோருக்கு 'மெடிக்கல் கார்டு' எடுக்கலாம் என்ற பேச்சு எழுந்ததும் வீட்டுக்கு வந்து விளக்கம் தருபவர், பெரும்பாலும் உறவினராகவோ கோயில் திருவிழாவில் பழகியவராகவோ இருக்கும் காப்புறுதி முகவர்தான்.

முகவர் என்பவர் காப்புறுதி நிறுவனத்தின் சார்பில் திட்டங்களை விற்று, அதற்குத் தரகுப்பணம் பெறுபவர். இதில் குற்றமேதும் இல்லை. ஆயினும் அவர் காட்டும் திட்டம் தம் நிறுவனத்தின் திட்டமே என்பதையும், பிற நிறுவனங்களின் திட்டங்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை என்பதையும் குடும்பத்தார் மனத்தில் கொள்ள வேண்டும். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அங்கீகாரம் பெற்ற நிதி ஆலோசகர் இவரினின்று வேறுபட்டவர். பல நிறுவனங்களின் திட்டங்களை அவரால் ஒப்பிட்டுக் காட்ட இயலும்.

உதவுபவரின் தரத்தை உரைத்துப் பார்க்கும் இடம் விண்ணப்பப் படிவமே. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் உண்டா என்று படிவம் கேட்கும்போது, கிளினிக்கில் மாதந்தோறும் மாத்திரை வாங்கும் தந்தையின் பெயருக்கு நேரே 'இல்லை' என்று குறித்துவிட்டு, "இதெல்லாம் சும்மா கேட்பது" என்று தேற்றுபவர் நன்மை செய்பவர் அல்லர். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம், கேட்கப்படும் கேள்விகளுக்குத் தக்க கவனத்துடன் உண்மையான விடை தரும் கடமையை விண்ணப்பதாரர்மீதே சுமத்துகிறது; ஆகவே பொய்யான விடையின் விளைவு, மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போது இழப்பீடு மறுக்கப்படும் வடிவில் முதியவரைத்தான் வந்து சேரும்.

நல்ல ஆலோசகர் கேளாமலே விளக்க வேண்டியவை வேறு சில உண்டு. முதலாவது காத்திருப்புக் காலம். பொதுவாக விபத்தைத் தவிர்த்த நோய்களுக்கு முதல் 30 நாளும், இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய், கட்டி, கல்லடைப்பு போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு முதல் 120 நாளும் காப்பு கிடைப்பதில்லை. அடுத்தது, சேர்வதற்கு முன்பே இருந்த நோய் காப்பில் அடங்காது என்னும் விதி. மூன்றாவது இணைக்கட்டணம், அதாவது சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை நோயாளியே ஏற்பது. 20,000 ரிங்கிட் கட்டணத்துக்கு 5 விழுக்காடு என்றால் 1,000 ரிங்கிட்டைக் குடும்பம் கையிலிருந்து கட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும் என்பது. சந்தா உயர்வு பற்றிய மனக்குறை பெருகியதால், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பி விதிக்குமாறும், அடிப்படை நிலைத் திட்டத்திலுள்ள 60 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு ஓராண்டு நிறுத்தி வைக்குமாறும் ஏற்பாடு செய்தது. இது தற்காலிக நிவாரணமே; ஆதலால் இன்றைய சந்தாவை மட்டும் கேளாமல், 70, 75 வயதில் எவ்வளவாகும் என்று மதிப்பீட்டு அட்டவணையைக் கேட்டுப் பெறுவதே அறிவுடைமை.

காப்புறுதி இல்லாதவருக்கு வழியே இல்லை என்று அச்சுறுத்துபவரின் சொல்லையும் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். கோல குபு பாரு, தஞ்சோங் காராங், செலாயாங், சுங்கை பூலோ ஆகிய இடங்களில் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. குடிமக்களுக்கு அவற்றின் கட்டணம் மிகக் குறைவு. குறைந்த வருமானமுடைய, 40 வயதும் அதற்கு மேலும் ஆன அரசாங்க உதவிநிதி பெறுநருக்கும் அவர்தம் துணைவருக்கும் 2019இல் தொடங்கப்பட்ட 'பெக்கா பி40' திட்டம் இலவச உடல்நலப் பரிசோதனையும், மருத்துவச் சாதனங்களுக்கு 20,000 ரிங்கிட் வரையிலான உதவியும் வழங்குகிறது. ஓய்வூதியமின்றிச் சேமநிதியை நம்பி வாழ்பவர் இவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரே சந்தாவுக்குப் பணம் ஒதுக்குவது பொருத்தம்.

விற்பனையில் பங்கில்லாத உதவியும் உண்டு. பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண் பொதுமக்களின் கேள்விகளுக்கும் புகார்களுக்கும் உரியது. குடும்பத்தின் வரவு செலவில் சந்தாவுக்கு இடமுண்டா என்று பார்க்க, 'ஏகேபிகே' எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவச ஆலோசனை தருகிறது. நிறுவனத்திடம் முறையிட்டும் தீராத இழப்பீட்டுப் பிணக்குகளை, 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஆம்புட்ஸ்மன் சேவை கட்டணமின்றி விசாரிக்கிறது.

ஆக, முகம் தெரிந்தவர் என்பது மட்டும் நம்பிக்கைக்குப் போதிய ஆதாரமாகாது. சொன்னதை எழுத்தில் தருபவர், கேட்ட கேள்விக்கு ஒப்பந்தத்தின் பக்கத்தைத் திறந்து காட்டுபவர், படிவத்தை வீட்டில் வைத்துப் பிள்ளைகளோடு படிக்க அவகாசம் தருபவர் ஆகியோரே நம்பத்தக்க துணை. அவசரத்தில் கையெழுத்திட்டுவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. ஒப்பந்தம் கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் அதைத் திருப்பித் தந்து சந்தாவை மீளப் பெறும் உரிமை உண்டு. அந்த 15 நாளில் ஒரு மாலைப்பொழுதையேனும் ஒதுக்கி, பெற்றோரை அருகில் அமர்த்தி, அவர்களுக்கு விளங்கும் தமிழில் அதைப் படித்துக் காட்டுவது பிள்ளைகளின் கடமை.