வறுத்த பயறும் ஊரார் அபிப்பிராயமும்

(திருப்புட்குழியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



ஊருக்கு விதிகளும் திட்டங்களும் போடும்போது ஊராரை அபிப்பிராயம் கேட்கிறார்களே, அதைப்பற்றி இன்று பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாமியைப் பற்றியும் புராணத்தைப் பற்றியும் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் எழுந்துபோய்விட வேண்டாம். திருப்புட்குழியில் நின்றுகொண்டு அவற்றைத் தொடாமல் எந்தச் சங்கதியையும் பேசிவிட முடியாது.

இவ்வூர்ப் பெயருக்குச் சொல்லப்படும் காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. புள் என்றால் பறவை. ஜடாயு என்ற கழுகுக்கு இராமன் இங்கே குழி வெட்டி ஈமக்கடன் செய்தானாம். நாம் இக்கதையை நம்புகிறவர்களல்ல. நம்புகிறவர்களையே ஒன்று கேட்கிறோம். அந்தக் கழுகு செய்த காரியம் என்ன? ஓர் அரசன் அக்கிரமம் செய்துகொண்டு போகையில் "இது தகாது" என்று ஆட்சேபணை சொல்லிற்று. சிறகு போயிற்று, பிறகு உயிரும் போயிற்று. ஆட்சேபித்தபோது பக்கத்தில் நிற்க ஒருவருமில்லை. செத்த பிறகோ குளமென்ன, கோயிலென்ன, உற்சவமென்ன! நம் நாட்டில் பாமர ஜனங்கள் சொல்லுகிற ஆட்சேபணைக்கு அநேகமாய் இதே மரியாதைதான் நடக்கிறது.

இன்னொரு சங்கதியும் இவ்வூரில் உண்டு. பிள்ளை வேண்டுமென்று வருகிற பெண்கள் குளத்தில் முழுகி, கோயிலில் வறுத்துக் கொடுக்கும் பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவெல்லாம் படுத்திருப்பார்கள். விடிந்ததும் பயறு முளைத்திருந்தால் பிள்ளை பிறக்குமாம். வறுத்த பயறு முளைக்குமா என்று எந்தக் குடியானவனையும் கேளுங்கள். வயலுக்கு விதைக்கப் போகும்போது அவன் வறுத்துக்கொண்டு போவதில்லை. கோயிலுக்கு வந்தால் மாத்திரம் அந்தப் புத்தியை வாசலில் விட்டுவிடுகிறான்.

இதை நாம் இங்கே பிரஸ்தாபிப்பதற்குக் காரணம், சர்க்காரும் பல சமயங்களில் நம் கையில் கொடுப்பது வறுத்த பயறாகவே இருக்கிறது என்பதுதான். "அபிப்பிராயம் சொல்லுங்கள், ஆட்சேபணை எழுதுங்கள்" என்பார்கள். நாமும் எழுதி மடியில் கட்டிக்கொண்டு காத்துக்கிடப்போம். முளைக்காவிட்டால் நம் தலைவிதியை நொந்துகொள்வோமே தவிர, பயறை வறுத்தவன் யார் என்று கேட்பதில்லை.

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1971-ம் வருஷத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு பிரதேசத்துக்கு முழுமைத் திட்டம் தயாரித்தால் அதை விளம்பரம் செய்து, யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபணையும் யோசனையும் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தவணை கொடுக்க வேண்டும். நேரில் சொல்ல விரும்புகிறேன் என்று எழுதியவனுக்கு அதற்குச் சந்தர்ப்பமும் கொடுக்க வேண்டும். முழுமைத் திட்டம் என்றால் ஏதோ பட்டணத்துக் காரியம் என்று நினைக்கிறீர்கள். எந்தச் சர்வே நம்பர் விவசாயத்துக்கு, எது வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எந்த வழியாக ரோடு வரும் என்று அதில்தான் எழுதுகிறார்கள். உங்கள் நிலத்தின் ஜாதகம் அதில் இருக்கிறது. பிள்ளையின் ஜாதகத்துக்கு ஜோசியனிடம் பணம் கொடுக்கிறவர்கள், நிஜமாகவே பலிக்கப்போகிற இந்த ஜாதகத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பார்த்தால்தான் புரியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1956-லேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் போட்ட நாடு இது. அப்படியிருந்தும் வரைபடமும் விதியும் இங்கிலீஷில் வந்து விழுகின்றன. தமிழில் வந்தாலோ "தளப் பரப்புக் குறியீடு" என்று வரும். அது இங்கிலீஷைவிடக் கஷ்டம். மனையின் அளவைப் போல எத்தனை மடங்கு கட்டடம் எழுப்பலாம் என்று எழுதினால் கொத்தனாருக்கும் புரியும், சித்தாளுக்கும் புரியும். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கிராமப் பஞ்சாயத்துக்கும் சேர்த்துத்தான். அந்த விதிகள் தங்களைக் கட்டுப்படுத்துகின்றன என்று தெரிந்து வீடு கட்டினவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், நமக்குத் தெரியும்.

பாஷை விஷயத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லுகிறோம். 2020-ல் மத்திய சர்க்கார், சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு விதிகளை மாற்றுவதற்கு ஒரு நகலை வெளியிட்டு ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது. தொழிற்சாலையும் சுரங்கமும் அணையும் வருமுன் ஊராரைக் கேட்கிற விதிகள் அவை. நகல் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. கொரோனாவினால் ஜனங்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த சமயம் வேறு. டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30-ல், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 பாஷைகளிலும் பத்து நாளில் மொழிபெயர்த்து வெளியிட வேண்டுமென்றும், தவணை ஆகஸ்ட் 11 வரை என்றும் உத்தரவு போட்டது. உடனே மொழிபெயர்த்தார்களா? அந்த உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்! சமஸ்கிருத மந்திரம் நமக்குப் புரியக்கூடாது என்பதில் புரோகிதனுக்கு ஒரு லாபம் இருக்கிறது. சட்ட நகல் நமக்குப் புரியாதிருப்பதில் யாருக்கு லாபம்? யோசித்துப் பாருங்கள். அந்த நகலில், பொது விசாரணைக்கு ஜனங்களுக்குத் தரும் முன்னறிவிப்பை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கவும் ஏற்பாடு இருந்தது.

அந்தப் பொது விசாரணைக்கு இத்தனை பேர் வந்தால்தான் நடத்தலாம் என்ற கணக்கே கிடையாது. 2006-ம் வருஷத்து விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. கிராம சபைக்கோ கணக்கு உண்டு. ஊர் ஜனத்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நூறு நாள் வேலைக் கணக்கைப் படிக்க நூறு பேர் வேண்டும். ஊரையே மாற்றிவிடும் தொழிற்சாலையைப் பற்றிக் கேட்க ஒருவருமே வேண்டியதில்லை.

நிற்க. காஞ்சிபுரம் ஜில்லாவில் இதைப்பற்றிப் பேசினால் உடனே ஒருவர் எழுந்து, "உத்திரமேரூர் இருக்கிறதே! ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலை கண்ட பூமியல்லவா?" என்பார். 2020 டிசம்பர் 10-ல் டெல்லியில் புதிய பார்லிமெண்டுக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதம மந்திரியும் உத்திரமேரூரைச் சொல்லிப் பெருமைப்பட்டார். பெருமைப்படுகிறவர்கள் அந்தக் கல்வெட்டைப் படித்துவிட்டுப் பெருமைப்படட்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. அந்தச் சபை யாருடையது? பார்ப்பனர்களுக்குத் தானமாக விடப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. குடத்தில் யார் பெயரைப் போடலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். உழுதவன் பெயர் குடத்துக்குள் போகாது. பறையன் பெயர் போகாது. பெண்ணின் பெயர் போகாது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் எடுத்தார்கள். அந்த ஏரியில் மண் சுமந்து கரை போட்டவர்களில் ஒருவன்கூட அந்த ஆறு பேரில் இருந்திருக்க முடியாது.

ஆனால் அதில் நாம் எடுத்துக்கொள்ளத் தக்க சங்கதி ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நாணயமாகாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடியும் குடவோலைக்கு வர முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. இந்த ஒரு விதியை இன்று அமுல் நடத்தினால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று உங்கள் மனதுக்குள்ளேயே எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்றைய கிராம சபை அப்படியல்ல. 1994-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டப்படி ஓட்டர் ஜாபிதாவில் பேருள்ள ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினர். வேதமும் வேண்டாம், வேலியும் வேண்டாம். உத்திரமேரூரைவிட இது நூறு பங்கு மேலானது என்று நாம் தாராளமாய்ச் சொல்லுவோம். ஆனால் அந்தச் சபை சொன்னதற்கு என்ன மதிப்பு?

இதே ஜில்லாவில் பரந்தூரைப் பாருங்கள். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று 2022-ல் சொன்னார்கள். பதின்மூன்று கிராமங்களின் நிலம். அதில் ஏகனாபுரம் என்ற ஊரே போகிறது. ஏகனாபுரத்து ஜனங்கள் கிராம சபையில் "வேண்டாம்" என்று ஒருமுறையல்ல, பத்துத் தடவைக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் ஓட்டுப் போடாமலும் ஒதுங்கிப் பார்த்தார்கள். 2025-ல் டெல்லி சர்க்கார் கொள்கை அளவில் அனுமதி கொடுத்தது. விமான நிலையம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு நாம் இப்போது வரவில்லை. நாம் பக்திமான்களைப் போல ரயிலையும் விமானத்தையும் பழிக்கிறவர்களல்ல. ஊர் வேண்டாமென்று பத்துத் தடவை எழுதினால், "இன்ன காரணத்தால் உங்கள் தீர்மானத்தை ஏற்க முடியவில்லை" என்று அதே சபைக்கு வந்து பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லையா என்பதே நமது கேள்வி.

இதற்கு நேர்மாறாக மதுரை ஜில்லாவில் மேலூர்ப் பக்கம் நடந்தது. அரிட்டாபட்டிப் பிரதேசத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய சர்க்கார் ஏலம் விட்டது. 2024 நவம்பரில் சுற்றுவட்டார கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டசபையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் ஜனங்கள் மேலூரிலிருந்து மதுரைக்குத் திரண்டு நடந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தாயிற்று. அங்கேயும் கிராம சபை, இங்கேயும் கிராம சபை. சட்டம் ஒன்றுதான். அங்கே ராஜ்ய சர்க்கார் ஜனங்கள் பக்கம் நின்றது. இங்கே அதன் தொழில் வளர்ச்சிக் கழகமே திட்டக்காரர். ஆகவே தீர்மானத்தின் பலம் தீர்மானத்தில் இல்லை, அதை யார் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்று ஏற்படுகிறது. ஒரிசாவில் நியமகிரி மலையில் அப்படியில்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளையே தீர்மானிக்கச் சொல்லிற்று, பன்னிரண்டு சபைகளும் பாக்ஸைட் சுரங்கம் வேண்டாமென்றன, சுரங்கம் வரவில்லை. வன உரிமைச் சட்டம் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. நம் வயலுக்கும் ஏரிக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டுமென்று கேட்க வேண்டாமா? இங்கே எதிர்த்திசையில் போகிறார்கள். ஏரியும் ஓடையும் உள்ள பெரு நிலப்பரப்புகளைத் திட்டங்களுக்காக ஒருங்கிணைக்கும் சட்டம் ஒன்று 2023 ஏப்ரல் 21-ல் சட்டசபையில் விவாதமில்லாமலே நிறைவேறிற்று. சட்டசபை அங்கத்தினர்களே அபிப்பிராயம் சொல்லாதபோது ஏரிப் பாசனக்காரனை யார் கேட்கப் போகிறார்கள்?

சர்க்காரை மட்டும் குறைசொல்லிவிட்டு உங்களைத் தட்டிக்கொடுத்துப் போக நாம் வரவில்லை. சபையில் வாய் திறக்க எல்லோருக்கும் முடிகிறதா? சேரியிலிருந்து வந்தவர் பின்னால் நிற்கிறார். பெண் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெண் தலைவராக இருக்கும் ஊர்களில் புருஷன் பேசுகிறான். 2020-ல் கடலூர் ஜில்லாவில் ஒரு பஞ்சாயத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தலைவரையே தரையில் உட்கார வைத்த செய்தி நாடெல்லாம் தெரிந்தது. தலைவருக்கே தரை என்றால் அவர் தெருவாரின் ஆட்சேபணை எங்கே உட்காரும்? தெருவுக்குத் தெரு வேலி போட்டுக்கொண்டு, "எங்கள் ஊர் ஒருமனதாகத் தீர்மானித்தது" என்று சர்க்காருக்கு எழுதினால் அதைப் படிக்கிறவன் சிரிக்க மாட்டானா?

தீர்மானம் சபையின் முன் வராமலே போவதும் புதிதல்ல. 1925 நவம்பரில் இதோ பக்கத்துக் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்ததால்தான் பெரியார் வெளியேறினார். அவர் வெளியேறியதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊர்ச் சபையிலிருந்து நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. உள்ளேயே இருந்து எழுத வையுங்கள்.

சில ஊர்களில் கூட்டம் ஆரம்பிக்கும்போதே புஸ்தகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தைச் சாவகாசமாய் எழுதிக்கொள்கிறார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டால் லேவாதேவிக்காரனிடம் என்ன ஆகுமென்று உங்களுக்குத் தெரியும். இங்கே மட்டும் ஏன் போடுகிறீர்கள்? தீர்மானத்தை எழுதி, உரக்கப் படித்த பிறகு போடுங்கள். நகல் கேளுங்கள். ஆட்சேபணை எழுதினால் "ஐயா, கருணை கூர்ந்து" என்று நாலு பக்கம் எழுத வேண்டாம். சர்வே நம்பர், என்ன கெடுதி, என்ன மாற்று, நேரில் சொல்ல விரும்புகிறோம் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். தீர்மானம் என்ன ஆயிற்று என்று தெரியாவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி எழுதிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அர்ச்சனைக்குப் போடும் பத்து ரூபாய்க்கு அப்படி ஒரு தவணை எந்தக் கோயிலிலும் கிடையாது.

2022 முதல் கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேதியைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சபையில் கேட்பதற்கு, சென்ற இரண்டு வருஷத்தில் போட்ட தீர்மானங்கள் எவை, எந்த ஆபீசுக்கு அனுப்பப்பட்டன, பதில் வந்ததா என்ற மூன்று கேள்விகளை எழுதிய தாள்கள் இந்த மேஜையில் இருக்கின்றன. எழுதத் தெரியாத தாய்மார்களும் தோழர்களும் சொன்னால் எழுதிக் கொடுக்க வாலிபர்கள் நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் நிற்கிறவர்கள் முதலில் முன்னே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.