பூண்டுத் தண்ணீரும் கைப்புள்ளயும்

அறக்கட்டளைச் சொற்பொழிவில் போய் மீம்ஸா என்று முன்வரிசையில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. இருக்கட்டும்.

2020 மார்ச் 24 நள்ளிரவு ஊரடங்கு வந்தது. கொடைக்கானல் ஏரியில் படகு ஓடவில்லை. குதிரைக்காரர்களுக்குச் சவாரி இல்லை. ஓயாதது கைபேசி ஒன்றுதான். அதில் முதலில் வந்து குவிந்தவை வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள். பூண்டை வேகவைத்த தண்ணீரைக் குடித்தால் கொரோனா அண்டாது என்று வந்தது நினைவிருக்கும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எனப் பூண்டு விளைகிற மலை இது. 2019இல்தான் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. நமக்கு அந்தச் செய்தி இனிக்காமல் இருக்குமா? பூண்டு நல்ல உணவுதான், கொரோனாவைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்ல வேண்டியதாயிற்று.

அதே வாட்ஸ்அப் குழுவில்தான் மீமும் வந்தது. ஃபார்வர்டில் எப்போதும் பெயர் தெரியாத ஒரு பெரிய டாக்டர் பேசுவார், கடைசியில் ‘அவசியம் பகிரவும்’ என்றிருக்கும். மீம் யாரையும் எதையும் நம்பச் சொல்லவில்லை. மேலே அன்றைய நடப்பு ஒரு வரி, கீழே வடிவேலு முகம். அது எந்தப் படம், யாரிடம் அடிவாங்கிய பிறகு வந்த முகம் என்று தெரிந்தவருக்குத்தான் சிரிப்பு வரும். வடிவேலுவின் ‘ஃப்ரண்ட்ஸ்’ வந்தது 2001இல். அதில் தலையில் சுத்தியல் விழுந்த காண்டிராக்டர் நேசமணிக்காக 2019 மே மாதம் ட்விட்டரையே பிரார்த்திக்க வைத்தவர்கள் நாம். தொலைக்காட்சி நமக்கு அத்தனை காட்சிகளையும் மனப்பாடம் செய்வித்திருந்தது.

ஊரடங்கில் மீம் போடுபவர்களுக்கு வாகாக அமைந்தது இ-பாஸ். மாவட்டம் தாண்ட வேண்டுமென்றால் கல்யாணம், சாவு, மருத்துவம் என்று காரணம் காட்டி அந்த அனுமதியை வாங்க வேண்டியிருந்தது. ‘கொடைக்கானலுக்கு இ-பாஸ் போட்டேன்’ என்று மேலே எழுதி, கீழே ‘வின்னர்’ படத்தில் வடிவேலு நடித்த கைப்புள்ள நொண்டி நடப்பதை வைத்தால் போதும். சென்னையில் அடைந்து கிடந்தவர் தன் நிலையை நினைத்துச் சிரித்தார். அதே படம் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் அறை வாடகைக்கு விடுபவரின் கைபேசிக்கும் வந்தது. வரமுடியாமல் போன அந்தக் கைப்புள்ளதான் அவருடைய வாடிக்கையாளர். 2020 செப்டம்பரில் மாவட்டங்களுக்கிடையே இ-பாஸ் ரத்தான பிறகும் கொடைக்கானல், நீலகிரி, ஏற்காட்டுக்கு அது நீடித்தது. அவர் எங்கே சிரிப்பது?

எல்லா மீமும் யோக்கியம் என்று நான் வாதாட வரவில்லை. சென்னையிலிருந்து ஊர் திரும்பியவர்களைக் கிருமியாகவே காட்டியவையும் சுற்றின. மீம் சட்டை மாட்டிய ஃபார்வர்டுகள் என்றே அவற்றைச் சொல்வேன்.

உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு மறுபடி இ-பாஸ் வந்தது. இம்முறை காரணம் நோய் இல்லை, வண்டி நெரிசல். 2025 ஏப்ரலில் வார நாளுக்கு 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. இன்று அந்தப் பழைய மீமை எடுத்து அனுப்பிப் பாருங்கள். இருபது வயதுப் பையனுக்குக் கொரோனா ஞாபகமே வராது. வத்தலக்குண்டு சாலையில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்றுதான் கேட்பான்.